குடும்ப சரித்திரமும் கிராமத்துத் தஸ்தாவேஜுகளும்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்கி வருகிறது. பிறப்பை வைத்து ஒருவனை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டாம் என்பதே அதன் கருத்தென நாம் கொள்கிறோம். ஆனால் நம்மவர் அப்பழமொழியைத் தமது சோம்பலுக்குக் கவசமாக்கிக் கொண்டுவிட்டனர். பாட்டன் பெயரைக் கேட்டால் சொல்வர். பாட்டனுக்குப் பாட்டன் பெயரைக் கேட்டால் விழிப்பர். பாட்டியின் தாயார் பெயரைக் கேட்டாலோ சிரிப்பர். வம்சாவளி என்பது ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் உரிய பொருள், உழுது பிழைத்தவனுக்கு அது எதற்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் பிழையானது மட்டுமன்று, ஏழை ஜனங்களுக்குப் பெருந்தீங்கு விளைத்ததுமாகும் என்பதை எடுத்துக்காட்டவே இதனை எழுதுகிறோம்.

நம் முன்னோர் இவ்வாறு இருந்ததில்லை. மகனுடைய மகனைப் பேரன் என்கிறோம். பெயரன் என்பதே அச்சொல்லின் மூலம். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது பொருள். ஒரு குடும்பத்தின் இரண்டு பெயர்கள் தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி மாறி வருவதைப் பழைய பத்திரங்களில் இன்றும் காணலாம். தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜ சோழன் பொறித்து வைத்த சாசனம் ஒன்று, கோவிற் பணிக்கெனப் பல ஊர்களிலிருந்து கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகக் கூறுகிறது. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருப்பவள் என்பதும் அதில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடல் மகளிரின் பெயரையும் இல்லத்தையும் கல்லில் வெட்டி வைத்த நாடு, இன்று தன் குடிகளின் பெயர் எழுதிய காகிதங்களைக் கரையானுக்கு இரையாக விடலாமா என்று கேட்கிறோம்.

பாட்டன் பெயர் எழுதிய காகிதம் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை இலங்கைத் தோட்டத் தமிழரைக் கேட்டால் சொல்வார்கள். 1948-ஆம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி அமலுக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, ஒருவன் அத்தீவில் பிறந்தான் என்பது மட்டும் போதாது. அவன் தந்தை அங்கே பிறந்தவர் என்றாவது, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் அவர் தந்தையும் அங்கே பிறந்தவர்கள் என்றாவது ருசுப்படுத்த வேண்டும். காப்பியும் தேயிலையும் பயிரிட்டு அந்நாட்டைச் செல்வமாக்கிய தொழிலாளி அதற்கு எங்கே போவான்? அவன் எத்தனை நாள் வேலை செய்தான் என்பதற்குச் செக்ரோலில் கணக்கு இருந்தது. எவ்வளவு கடன்பட்டான் என்பதற்குக் கங்காணியிடம் துண்டு இருந்தது. அவன் தந்தை எங்கே பிறந்தார் என்பதற்கு அவனிடம் சீட்டு இல்லை. லட்சக்கணக்கான மக்கள் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு. அந்த எஞ்சியவர்களையும் 1974-இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரை இந்த அநீதியின் நிழல் நீங்கவில்லை. இச்சட்டத்தை இயற்றியவர்களின் நோக்கம் வேறு. காகிதம் ஒரு சாக்கு என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்தச் சாக்குக்கு இடம் கொடுத்தது ஏழையிடம் காகிதம் இல்லாமையே என்பதையும் மறக்கலாகாது.

கடல் கடந்த நாட்டில்தானே இது, இங்கே நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது நடந்ததை நேயர்கள் அறிவார்கள். 2002, 2005 ஆகிய ஆண்டுகளின் பட்டியலில் தம் பெயரையோ தம் பெற்றோர் பெயரையோ தேடுமாறு ஜனங்கள் கேட்கப்பட்டனர். இருபது வருஷங்களுக்கு முன் தம் குடும்பம் எந்தத் தெருவில், எந்த வாக்குச் சாவடிக்கு உட்பட்டு இருந்தது என்பதை நினைவுகூர எத்தனை வீடுகளில் திண்டாடினார்கள்! அத்திருத்தம் முறையா அன்றா என்னும் வாதத்தில் நாம் இங்கே புகவில்லை. முன்னோரைத் தேடுவது ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தரின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது வாக்குச் சீட்டைப் பற்றிய விவகாரம் என்பது அன்று விளங்கியிருக்கும் என்று மட்டும் சொல்கிறோம்.

நிலத்தைப் பற்றிய விவகாரமும் ஆகும். 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமன்ஹீர் என்பவர், தாழ்த்தப்பட்டோரின் துயர நிலையைச் சென்னை சர்க்காருக்கு எழுதினார். அதன் பயனாக 1892-இல் உத்தரவு பிறந்து, அவ்வகுப்பாருக்கு நிலங்கள் வழங்கப்பட்டன. பஞ்சமி நிலம் என நாம் இன்று கூறுவது அதுவே. முதல் பத்து வருஷம் அந்நிலத்தை யாருக்கும் மாற்றலாகாது, பிறகு மாற்றினாலும் அவ்வகுப்பாருக்கே மாற்றவேண்டும் என்பது நிபந்தனை. அந்நிலங்கள் எவ்வாறு கை மாறின என்பது ஊரறிந்த கதை. இன்று ஓர் ஏழை, இது என் பாட்டனுக்கு அளித்த நிலம் என்று வழக்காட வேண்டுமானால் இரண்டு ருசுக்கள் வேண்டும். அது பஞ்சமி நிலம் என்பதற்குப் பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரிலும் ‘அ’ பதிவேட்டிலும் உள்ள குறிப்பு ஒன்று. அதைப் பெற்றவரின் வாரிசு தான் என்பதற்கு ஆதாரம் மற்றொன்று. குடும்ப சரித்திரம் பிரபுக்களின் ஆடம்பரம் என்போர் இதற்கு விடை கூறட்டும்.

தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர்களும் இத்துன்பத்துக்குத் தப்பவில்லை. 1972-இல் மத்திய சர்க்கார் தியாகிகளுக்கு உதவிச் சம்பளம் ஏற்படுத்தி, 1980-இல் அதை விரிவாக்கிற்று. அதற்குச் சிறைவாசத்தின் அத்தாட்சி வேண்டும். சிறைப் பதிவேடு கிடைக்காதவர்கள், உடன் சிறையிருந்தவர்களிடம் அத்தாட்சி வாங்கி வர வேண்டியதாயிற்று. சிறையில் அடைத்த அந்நிய சர்க்காரின் கணக்குப் புத்தகம், அடைபட்டவனுக்கே பின்னாளில் சாட்சியாக வேண்டியிருந்தது. அந்தப் புத்தகம் எங்கே போயிற்று என்று கேட்பார் இல்லாமற் போனதன் பலனை முதிய தியாகிகளே அனுபவித்தார்கள்.

ஆகவே தேடத்தான் வேண்டும். எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்பதை நாம் அறிந்த வரையில் சொல்லுவோம்.

தேடுதல் வீட்டிலேயே தொடங்க வேண்டும். சென்னைக்கும் டில்லிக்கும் எழுதுமுன், முதியவர்களின் வாய்மொழியைக் குறித்துக் கொள்ளுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு புத்தகசாலை. அது மூடிவிட்டால் மறுபடி திறவாது. பிறகு பரணையில் உள்ள டிரங்குப் பெட்டியைத் திறவுங்கள். ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்று, வரி ரசீது, அடமானப் பத்திரம் ஆகிய ஒன்றையும் அலட்சியம் செய்ய வேண்டாம். மொய் நோட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதைப் பணக் கணக்கு என்றே எல்லோரும் நினைக்கின்றனர். ஆனால் இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் என்று ஊரும் பேரும் வரிசையாக எழுதிய உறவுமுறைப் பட்டியல் அதைப்போல் வேறில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு மொய் நோட்டு, ஒரு குடும்பம் எந்தெந்த ஊரில் பெண் கொடுத்தது, எங்கிருந்து பெண் எடுத்தது என்பதைக் காட்டிவிடும்.

வீட்டுக்கு அடுத்தது கோவிலும் பள்ளிவாசலும் மாதாகோவிலும். குலதெய்வக் கோவில்களில் தலைக்கட்டு வரிக்கணக்கு வைத்திருப்பார்கள். பிழைப்புக்காக எங்கே சிதறிப் போனாலும் தலைக்கட்டின் பெயர் அதில் ஏறும். நகரத்தார் தமது ஒன்பது கோவில்களில் மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகப் பதிந்து வருகின்றனர். ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேடுகள் உண்டு. மாதாகோவில்களில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் புத்தகங்கள் உண்டு. காசி, ஹரித்வாரம் முதலிய க்ஷேத்திரங்களில் தீர்த்தப் புரோகிதர்கள் யாத்திரிகர்களின் ஊரையும் வம்சத்தையும் தம் ஏடுகளில் எழுதி வைக்கும் வழக்கம் உடையவர்கள். முன்னோர் யாரேனும் அங்கே சென்றிருந்தால் அந்த ஏட்டில் கையெழுத்தும் இருக்கக் கூடும்.

அடுத்தது சர்க்கார் தஸ்தாவேஜுகள். இவற்றுள் முதன்மையானவை பத்திரப் பதிவுப் புத்தகங்கள். 1864-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் முதற்கொண்டு இவை இருந்து வருகின்றன. இன்று நடப்பது 1908-ஆம் ஆண்டின் சட்டம். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் முதற் புத்தகம் நிலம், வீடு முதலிய ஸ்தாவர சொத்துக்களைப் பற்றியது. கட்டணம் செலுத்தி அதையும் அதன் பெயரகராதியையும் யாரும் பார்வையிடலாம் என்பது அச்சட்டத்தின் 57-வது பிரிவு. இது ஜனங்களின் உரிமை. உத்தியோகஸ்தர் காட்டும் சலுகை அன்று. மூன்றாம் புத்தகம் உயில்களுக்கு உரியது. எழுதியவர் காலமான பிறகு அதன் நகலையும் யாரும் கேட்கலாம். விற்பனைப் பத்திரத்தைக் காட்டிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் நமது வேலைக்கு உகந்தது. தகப்பனார், சகோதரர், சில சமயம் விதவையான அண்ணி, மைனர் பிள்ளை என்று குடும்பம் முழுவதும் அதில் வந்து நிற்கும்.

ரெவினியூக் கணக்குகள் வேறு. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றை ஜனங்கள் அறிவார்கள். அவற்றுக்கு முந்திய செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரும், அதற்கும் முந்திய பைமாஷ் கணக்கும் உண்டென்பதைப் பலர் அறியார். 1858-இல் நியமிக்கப்பட்ட இனாம் கமிஷன், மானியம் அனுபவித்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் மானியத்தின் காரணத்தையும் விசாரித்து எழுதிற்று. கோவிற் பூசாரி, குளத்து நீர் பாய்ச்சுவோன், ஊர் வைத்தியன் முதலிய ஊழியக்காரரும் அதில் வருவர். இத்தகைய பழங்கணக்குகளுட் பல சென்னை எழும்பூரில் 1909-இல் எழுப்பப்பட்ட ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்துக்குப் பிறகு புல எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுப் பாராமல் தேடினால் அயலான் நிலத்தில் போய் நிற்போம்.

பிறப்பு இறப்புக் கணக்கு கிராமாந்தரங்களில் முன்சீபின் கையில் இருந்தது. 1899-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் பழையது. 1969-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. பிறப்புப் புத்தகத்தில் குழந்தையின் பெயரைத் தேடுவோர் ஏமாறுவர். பெயர் சூட்டுமுன்னரே பதிந்துவிடுவதால் ஆண் குழந்தை அல்லது பெண் குழந்தை என்றுதான் பல இடங்களில் இருக்கும். தந்தையின் பெயரையும் தேதியையும் கொண்டு தேடுவதே வழி.

தேதியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கிராமக் கணக்கு பசலி ஆண்டில் எழுதப்பட்டது. பசலியுடன் 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். ஜூலை முதல் தேதி அதன் பிறப்பு. பசலி 1310 எனில் 1900-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது என்று கொள்க. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 825 கூட்ட வேண்டும், ஆண்டின் முற்பகுதியாயின் 824. தமிழ் வருஷப் பெயரோ அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். விரோதி வருஷத்தில் பிறந்தவர் என்றால் 1889-இலா, 1949-இலா என்பதை வேறு சான்றுகொண்டு தீர்மானிக்க வேண்டும். இதில் தவறி, பேரனைப் பாட்டனாகவும் பாட்டனைப் பேரனாகவும் எழுதிவிடுவது எளிது. ஒரே பெயர் வேறு வருகிறதல்லவா?

நம்மைத் தேடி வருவோரைப் பற்றியும் எண்ண வேண்டும். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்ட இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் நம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அடிமைத்தனத்துக்கு அடுத்த நிலை அது. ஆனால் அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் கணக்கை மட்டும் ஒழுங்காக எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் ஆகிய அனைத்தும் கப்பற் பட்டியலில் உண்டு. பெண்ணுக்கும் தனி எண், கைக்குழந்தைக்கும் தனி எண். இப்பட்டியல்களை அங்குள்ள அறிஞர்கள் அரும்பாடுபட்டு நகலெடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கின்றனர். சுரேந்திர பானா என்னும் சரித்திர ஆசிரியர் அவற்றைக்கொண்டு 1991-இல் ஒரு நூலே வெளியிட்டார். மோரீஸ் தீவில் மோக்கா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிலையம் அத்தீவுக்கு வந்தவர்களின் பதிவேடுகளைக் காத்து வருகிறது. பீஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் ஆகிய நாடுகளிலுள்ள ஒப்பந்தக் கூலிகளின் தஸ்தாவேஜுகளை 2011-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. கடல் கடந்த ஏழை நாடுகள் நம் மக்களின் பெயர்களை இவ்வளவு போற்றி வைத்திருக்கின்றன.

அப்பட்டியலைக் கையிற் பிடித்துக்கொண்டு நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் இங்கே வருகின்றனர். தமிழ் பேச மறந்தவர்கள். தம் பெயரிலுள்ள தமிழை மறவாதவர்கள். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆகியிருக்கிறார். முதலியார் மூட்லி ஆகியிருக்கிறார். தஞ்சாவூர் ஜில்லா என்றும் வட ஆர்க்காடு ஜில்லா என்றும் அவர்கள் காகிதத்தில் இருக்கிறது. அந்த ஜில்லாக்கள் இன்று எங்கே? தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தில் சிறைபுகுந்து, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி பதினாறு வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் குடும்ப ஊரான தில்லையாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அது தஞ்சாவூர் ஜில்லா. 1991 முதல் நாகப்பட்டினம் ஜில்லா. 2020 முதல் மயிலாடுதுறை ஜில்லா. வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி 1911-இல் சித்தூரோடு போயிற்று. எஞ்சியது 1989-இல் இரண்டாயிற்று. 2019-இல் வேலூர் மறுபடி மூன்றாயிற்று. இதைத் தெரியாமல் ஒரு கலெக்டர் ஆபீஸிலிருந்து மற்றொரு கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்து, இருக்கும் சில நாட்களையும் இழந்து கப்பலேறியவனின் பேரப்பிள்ளை விமானமேறிப் போகிறான். இது அவனுக்கு மனக்குறை மட்டுமன்று. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் மோரீஸ் தீவுக்குச் சென்ற நமது ராஷ்டிரபதி, அங்குள்ள இந்திய வம்சத்தாரில் ஏழாம் தலைமுறை வரையில் கடல்கடந்த இந்தியர் என்னும் உரிமைச் சீட்டைப் பெறலாம் என்று அறிவித்தார். ஏழு தலைமுறைக்குக் கதவைத் திறந்துவிட்டு, ஏழு தலைமுறையைக் காட்டும் கணக்கை இங்கே நாம் பூட்டி வைத்திருந்தால் என்ன பயன்?

கிடைக்காத பொருளைத் தேடிக் காலத்தை வீணாக்காமல் இருக்க ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலேயன் தன் நாட்டு ஜனத்தொகைக் கணக்கில் வீடுதோறும் எழுதிய படிவங்களை நூறு வருஷம் காத்து, பிறகு ஜனங்களுக்குத் திறந்துவிடுகிறான். 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் வெளிவந்தது. அவன் இங்கே எடுத்த கணக்கில் தொகைகளை அச்சிட்டானேயன்றி, வீட்டுப் படிவங்களை நமக்கு விட்டுச் செல்லவில்லை. நமது 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகைய படிவங்களை யாரும் பார்க்கலாகாது என்கிறது. ஆகையால் மற்ற தேசத்தார்க்குக் கைகண்ட வழி நமக்கு இல்லை. நமக்கு இருப்பவை கிராமக் கணக்கும் பத்திரப் பதிவுமே. அவற்றையும் இழந்தால் வேறு கதி இல்லை என்பதற்காகவே இதை வற்புறுத்துகிறோம்.

பெண்களின் பெயர் மறைந்து கிடப்பது மற்றொரு குறை. பட்டாவில் புருஷன் பெயர், பத்திரத்தில் தகப்பன் பெயர், பள்ளிக்கூடத்தில் அண்ணன் பெயர். சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலுக்கு 1951-இல் பட்டியல் தயாரித்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொல்லித் தம் சொந்தப் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாகாணங்களில். நம் மாகாணத்தார் இதில் பெருமை பேச வேண்டாம். நம் வீடுகளில் வம்சாவளி எழுதுவோர் இன்றும் ஆண்பிள்ளைகளை மட்டும் எழுதிப் பெண்ணை ஒரு கோடாகப் போட்டுவிடுகின்றனர். தளிச்சேரிப் பெண்டுகளுக்குக் கல்லில் இடம் கொடுத்தோம். கப்பலில் வந்த கூலிப் பெண்ணுக்கு அந்நியன் தனி எண் கொடுத்தான். பெற்ற தாய்க்கு நம் வம்சாவளியில் இடம் இல்லையா? இனி எழுதுவோர் தாய்வழியையும் சேர்த்து எழுதுவாராக.

இவ்வாறெல்லாம் தேடினால் ஜாதிப் பெருமை தலைதூக்கும் என்று சில அன்பர்கள் அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. கற்பனை செய்த தலபுராணத்தையும் கூலிக்கு எழுதிய வம்ச சரித்திரத்தையும் காட்டி ஆண்ட பரம்பரை என்று மார்தட்டுவோர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கற்பனைக்கு மருந்து உண்மையான தஸ்தாவேஜே. பழைய பத்திரங்களைப் படித்துப் பாருங்கள். மார்தட்டுவோரின் பாட்டன் பஞ்சத்தில் பண்ணையாளாகச் சீட்டெழுதிக் கொடுத்ததும், இகழப்படுவோரின் பாட்டன் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு நிலம் கொடுத்ததும் ஒரே புத்தகத்தில் வரும். கடன், பஞ்சம், வழக்கு, இடப்பெயர்ச்சி ஆகியவை எந்த வகுப்பையும் விட்டு வைக்கவில்லை. சரித்திரத்தை மூடி வைப்பதால் பொய்யனுக்கே லாபம். திறந்து வைப்பதால் எளியவனுக்கு லாபம். உயிரோடிருப்போரின் அந்தரங்கத்தைக் காப்பது அவசியந்தான். அதற்கு ஒரு கால வரம்பு விதித்து, அதற்கு முந்தியவற்றைத் திறந்துவிடலாம். மற்ற நாடுகள் செய்வது அதுவே.

இப்பொழுது கணக்குகள் இருக்கும் நிலை என்ன? 1980-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் பரம்பரைக் கிராம உத்தியோகங்களை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. பரம்பரை உத்தியோகம் ஒழிய வேண்டியதே. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக முன்சீபின் வீட்டிலும் கணக்குப்பிள்ளையின் வீட்டிலும் இருந்த ஏடுகள் யாவும் தாலுகா ஆபீஸுக்கு வந்து சேர்ந்தனவா? வந்தவை எங்கே வைக்கப்பட்டன? எவை அழிக்கப்பட்டன, யார் உத்தரவின் பேரில்? ஊருக்கு ஊர் இக்கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய சர்க்காரையும் யூனியன் பிரதேசங்களையுமே கட்டுப்படுத்தும். நம் கிராமக் கணக்குக்கு அது காவல் அன்று.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பவை சிலவே. ஒவ்வொரு தாலுகா ஆபீஸிலும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸிலும் உள்ள பழம்புத்தகங்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்து ஊரறியப் பிரசுரிக்க வேண்டும். இருப்பது தெரிந்தாலன்றிக் கேட்பது எப்படி? அட்டவணை வெளியாகும் வரையில் ஒரு காகிதத்தையும் அழிக்கலாகாது என்று உத்தரவிட வேண்டும். பழைய ஜில்லா, தாலுகா, கிராமப் பெயர்களுக்கு இன்றைய பெயர் காட்டும் ஓர் அகராதி வேண்டும். கணினியில் ஏற்றும் வேலையில் நிலத்தின் எண்ணை மட்டும் ஏற்றாமல் மனிதரின் பெயரையும் ஏற்ற வேண்டும். கடல் கடந்து வருவோருக்கு எழும்பூரிலேயே வழிகாட்ட ஒரு சிறு பிரிவு ஏற்படுத்த வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு மேம்பாலத்தின் செலவில் ஓர் அணுவும் ஆகாது.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கவும் வேண்டாம். தேசத் தொண்டர்கள் ஊர்தோறும் இருக்கின்றனர், வாசகசாலைகள் இருக்கின்றன, வாலிபர்களின் கையிலெல்லாம் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. விடுமுறை நாட்களில் நாலு வாலிபர் சேர்ந்து ஊரிலுள்ள மொய் நோட்டுகளையும் தலைக்கட்டுக் கணக்கையும் பழம் பத்திரங்களையும் உடையவரின் அனுமதி பெற்றுப் படம் பிடித்து வைத்தால், ஒரு வருஷத்தில் ஊரின் சரித்திரம் உருவாகிவிடும். சேரியில் தொடங்குங்கள் என்று சிறப்பாகச் சொல்லுவோம். காகிதம் குறைவாக உள்ள இடத்தில்தான் இருக்கும் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். அதைக் கேட்டு வாங்கி அழிக்கக் காத்திருப்போரும் அங்கேதான் அதிகம்.

ஒரு ஜாதியாரின் பெருமைக்காகவன்று, ஒவ்வொரு குடியின் உரிமைக்காகவும் இதைச் செய்ய வேண்டும். இலங்கைத் தோட்டத்தில் வாயடைத்து நின்ற தொழிலாளியின் நிலை இனி எந்தத் தமிழனுக்கும் வரலாகாது. உன் தந்தை யார், அவன் ஊர் எது என்று எந்த உத்தியோகஸ்தன் கேட்டாலும், இதோ என்று எடுத்து வைக்கும் வல்லமை நம் ஏழைகளுக்கு வேண்டும். அந்த வல்லமை தாலுகா ஆபீஸின் இருட்டறையில் மூட்டையாகக் கட்டிக் கிடக்கிறது. மூட்டையை அவிழ்க்கும்படி கேட்போமாக.